மார்னி தூக்காத விரல்

எதிரே வருவது டுவேனின் சிவப்பு பிக்கப் வண்டிதான் என்று தெரிந்ததும் மார்னி ஹாகனின் வலது கை ஆட்காட்டி விரல் தானாக எழும்பப் பார்த்தது. அவள் அதை ஸ்டியரிங்கோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

நார்டால் என்ற அந்தச் சின்ன ஊரில் எதிரே வண்டி வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்க வேண்டும். ஒரே ஒரு விரல், அதுவும் பாதி உயரம். வணக்கம், சௌக்கியமா, கோதுமை எப்படி என்று எல்லா விசாரிப்பும் அதற்குள் அடக்கம். தூக்காதவன் ஒன்று வெளியூர்க்காரனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வேலித் தகராறில் கோர்ட்டுக்குப் போனவனாக இருக்க வேண்டும்.

போன சனிக்கிழமை வரை மார்னியும் எல்லோருக்கும் ஒழுங்காகத் தூக்கிக்கொண்டுதான் இருந்தாள். சனிக்கிழமை, மனநல ஆலோசகர் உரிமத் தேர்வுக்காக நன்னெறிப் பாடத்தைத் திறந்தாள். அங்கே பிடித்தது சனி. ஆலோசனைக்கு வருபவரை வெளியில் எங்கே பார்த்தாலும், அவராக முதலில் பேசினாலொழிய, தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளக் கூடாது என்று அதில் போட்டிருந்தது. மார்னிக்குப் பகீரென்றது. டுவேன் அவளிடம் ஆலோசனைக்கு வருபவர். அவருக்கு எத்தனை தடவை முந்திக்கொண்டு விரலைத் தூக்கியிருப்பாள்!

இப்போது சிவப்பு பிக்கப் நெருங்கிவிட்டது. தூக்கினால் விதி மீறல். தூக்காவிட்டால் மரியாதைக்கேடு. மார்னி மூன்றாவதாக ஒரு வழி கண்டுபிடித்தாள். எதையோ கீழே போட்டுவிட்டுத் தேடுகிறவளைப் போல டக்கென்று ஸ்டியரிங்குக்கு அடியில் குனிந்தாள்.

அவள் நிமிர்ந்தபோது கார் சாலையோரப் பனிக்குவியலுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது.

டுவேன் வண்டியை நிறுத்தினார். இறங்கி வந்தார். பின்னாலிருந்து சங்கிலியை எடுத்துக் காரில் மாட்டி, பிக்கப்பால் இழுத்து, சாலையில் கொண்டுவந்து விட்டார்.

"ரொம்ப நன்றி சார்," என்றாள் மார்னி, விதியை விட்டுக்கொடுக்காமல். "உங்களை இதுக்கு முன்னாடி பார்த்த ஞாபகம் இல்லையே?"

டுவேன் சங்கிலியைச் சுருட்டியபடியே அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நேத்து காலைல உங்க ரூம்லதானே ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன்."

"அப்பாடா! நீங்களே சொல்லிட்டீங்க. இப்ப நான் பேசலாம். எப்படி இருக்கீங்க?"

"மோசமில்ல," என்றார் டுவேன். அந்தப் பக்கத்தில் கல்யாணத்துக்கும் அதையேதான் சொல்வார்கள், கால் உடைந்தாலும் அதையேதான் சொல்வார்கள்.

மறுநாள் காலை அவரிடமிருந்து போன் வந்தது. "கொஞ்ச நாளைக்கு நான் வரல. தப்பா எடுத்துக்காதீங்க."

அன்று மதியமே, அவளிடம் வந்துகொண்டிருந்த பள்ளிக்கூட ஆசிரியை ஒருத்தியும் இனி வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டாள். சாயங்காலம், எப்போதும் ஒருவரையொருவர் பார்த்து முறைத்துக்கொண்டே வரும் ஒரு புதுத் தம்பதி, இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாகி, இருவருமாகச் சேர்ந்து போன் செய்து நின்றுவிட்டார்கள்.

மார்னி நேரக் கணக்கு நோட்டை எடுத்துப் புரட்டினாள். ஆகஸ்டில் மினியாப்பொலிஸில் அவளுக்கு உளவியல் முனைவர் படிப்பு தொடங்குகிறது. இடம் கிடைத்துவிட்டது. ஆனால் ஆலோசகர் உரிமத்துக்கான தகுதியோடு வந்தால்தான் அங்கே முதல் வருடத்திலிருந்தே நோயாளிகளைப் பார்க்க விடுவார்கள். இல்லாவிட்டால் முதல் இரண்டு வருடம் புள்ளிவிவரங்களோடு குடும்பம் நடத்த வேண்டியதுதான். அந்தத் தகுதிக்கு, மேற்பார்வையாளர் ஒருவரின் கீழ், ஆட்களோடு எதிரெதிரே உட்கார்ந்து பேசிய நேரம் இத்தனை மணி என்று கணக்கு உண்டு. இரண்டு வருடமாகச் சேர்த்தாயிற்று. இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. பாக்கியை மினியாப்பொலிஸுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது, அது வேறு மாநிலம்.

இதற்காகத்தான் அவள் இந்த ஊருக்கே வந்தாள். அவளுக்கு இங்கே மாமன் மச்சான் யாரும் கிடையாது. சொந்தக்காரர்களுக்கு ஆலோசனை சொல்லக் கூடாதென்பது இன்னொரு விதி. நார்டாலில் பிறந்தவர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் சொந்தம் என்பதால், இங்கே இந்த வேலையைச் செய்ய வெளியூர்ப் பெண்தான் தேவைப்பட்டாள்.

"டாக்டராகப் போறவளுக்கு எதுக்கும்மா இந்த லைசென்ஸு?" என்று வெர்லின் ஒருமுறை கேட்டார். மார்னியின் அலுவலகத்துக்கு எதிர்சாரியில் இருக்கும் கஃபேயில் காலையிலிருந்து மதியம் வரை உட்கார்ந்திருக்கும் கிழவர் பட்டாளத்துக்கு அவர்தான் தலைவர். "டிராக்டர் வாங்கப் போறவ சைக்கிளுக்கு லைசென்ஸ் எடுப்பாளா?"

"டாக்டராக இன்னும் அஞ்சாறு வருஷம் ஆகும் வெர்லின். அதுவரைக்கும் மனுஷங்க மூஞ்சியைப் பார்க்காம புஸ்தகத்தையே பார்த்துட்டு இருக்க என்னால ஆகாது."

"எங்க மூஞ்சியைப் பார்த்துட்டுமா அப்படிச் சொல்ற?" என்றார் வெர்லின். பட்டாளம் முழுக்கச் சிரித்தது.

நல்ல மனிதர்கள்தான். ஆனால் அவர்களோடும் அவளுக்கு ஒரு சின்ன மனத்தாங்கல் இருந்தது. கஃபே வாசலில் இடம் காலியாகக் கிடக்கும்போதே, எல்லோரும் பிக்கப்புகளை எதிரே அவள் வாசலில் கொண்டுவந்து வரிசையாக நிறுத்துவார்கள். அவளிடம் வருபவர்கள் அந்தக் கூட்டத்துக்குள் இண்டு இடுக்கு தேடி நிறுத்த வேண்டும், இல்லையென்றால் சர்ச் பக்கம் நிறுத்திவிட்டுக் காற்றில் நடந்து வர வேண்டும். இந்தத் திங்கட்கிழமை மார்னி கஃபேக்குப் போய் நேரடியாகவே கேட்டுவிட்டாள்.

"ஏன் வெர்லின், உங்க வாசல்லதான் அவ்வளவு இடம் இருக்கே?"

"உன் பக்கம் நிழலும்மா," என்றார் வெர்லின்.

அது பிப்ரவரி மாதம். துப்பினால் தரையில் விழுவதற்குள் உறைந்துபோகும்.

"கொஞ்சம் எடுத்துடுங்களேன். வர்றவங்களுக்குக் கஷ்டமா இருக்கு."

கிழவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காபி ஊற்றிக்கொண்டிருந்த கஃபேக்காரி லவோன் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வெர்லின் அவளைக் கண்ணால் அடக்கிவிட்டு எழுந்தார். "உன் வாசல், உன் இஷ்டம்மா."

ஒரே நாளில் வாசல் சுத்தமாகிவிட்டது. இந்த ஊரில் ஒன்றைக் கேட்டு வாங்கிவிட்டோம் என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. செவ்வாயன்று டுவேன் வந்தபோது வண்டியை நடுவாசலில் தாராளமாக நிறுத்தினார். அந்தச் சந்தோஷத்தையும் புதன்கிழமை இந்தப் பாழாய்ப்போன விரல் வந்து கெடுத்துவிட்டது.

மார்னி தன் மேற்பார்வையாளருக்குப் போன் போட்டாள். ஜெனீன் ஃபார்கோவில் இருந்தாள். எதற்கும் பதறாதவள்.

"நான் விரல் தூக்காததால டுவேன் என்கிட்ட வர்றது ஊருக்கே தெரிஞ்சு போச்சு, ஜெனீன். எல்லாருக்கும் தூக்கறவ ஒருத்தருக்கு மட்டும் தூக்கலைன்னா, அவர் யாருன்னு சின்னக் குழந்தைகூடச் சொல்லிடும். அதைப் பார்த்துதான் மத்தவங்களும் பயந்து ஓடறாங்க."

"அப்ப எல்லார்கிட்டயும் ஒரே மாதிரி நடந்துக்கோ," என்றாள் ஜெனீன். "எப்படின்னு நீயே யோசி. இன்னும் ஆறு மாசம்கூட இல்ல, ஞாபகம் வெச்சுக்கோ."

மார்னி யோசித்தாள். அன்றிலிருந்து யாருக்குமே விரல் தூக்குவதில்லை என்று முடிவு செய்தாள்.

மூன்றே நாள். நான்காம் நாள் காலை கதவைத் திறந்தால் வாசலில் பெரிய கண்ணாடித் தட்டு ஒன்று துணி போட்டு மூடியிருந்தது. கறியும் காளான் குழம்பும் போட்டு, மேலே உருளைக்கிழங்கு உருண்டைகளை அடுக்கிச் சுட்ட ஹாட்டிஷ். நார்டாலில் யார் வீட்டிலாவது சாவு விழுந்தால் அதைத்தான் கொண்டுபோய் வைப்பார்கள். மதியத்துக்குள் மூன்று தட்டு சேர்ந்துவிட்டது. சாயங்காலம் போதகரே வந்துவிட்டார்.

"மார்னி, மனசுல ஏதாவது பாரம் இருந்தா சொல்லலாம்மா."

"எனக்கு ஒண்ணும் இல்ல பாஸ்டர்."

"எனக்கே நீ விரல் தூக்கலியே."

"எல்லாருக்கும்தான் தூக்கல!"

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்றார் போதகர் மிகவும் கனிவாக.

இன்னொரு பக்கம் வேறு மாதிரி வதந்தி கிளம்பியிருந்தது. யாருக்கு மார்னி விரல் தூக்கவில்லையோ அவர்களெல்லாம் அவளிடம் போகிறவர்கள் என்று ஒரு கட்சி. அந்தக் கணக்குப்படி ஊரில் பாக்கி யாருமில்லை. மனைவிமார்கள் புருஷன்மார்களைப் பிடித்துக்கொண்டார்கள். "அவகிட்ட என்னைப் பத்தி என்ன சொன்னே?" "நான் போகவே இல்லடி!" "போகலைன்னா உனக்கு ஏன் விரல் தூக்கல?" மிச்சம் மீதி வந்துகொண்டிருந்த இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள்.

விரல் தூக்காமல் இருக்க ஊர் ஒத்துக்கொள்ளும்படி ஒரு காரணம் வேண்டும் என்று மார்னிக்குத் தோன்றியது. மருந்துக் கடைக்குப் போனாள். ஆட்காட்டி விரலுக்குப் பட்டை வைத்துக் கட்டிக்கொண்டாள்.

"என்னாச்சு கண்ணு?" என்றாள் லவோன்.

"சும்மா ஒரு அடி."

இந்த ஊரில் சும்மா ஒரு அடி என்று சொல்லவே கூடாது. சொல்லாமல் விட்டதை ஊர் தானே நிரப்பிக்கொள்ளும். அன்று மாலைக்குள் முழுக்கதையும் தயாராகிவிட்டது. யாரோ ஒருத்தர் அவள் எதிரே ஒரு மணி நேரமும் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தாராம். மார்னி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, கடுப்பில் மேஜையில் ஓங்கி ஒரு குத்து விட்டாளாம். மேஜை தப்பித்ததாம்.

"ஏம்மா, அடிக்கவும் செய்வீங்களா?" என்று பெட்ரோல் பங்கில் ஒரு பெரியவர் உண்மையான அக்கறையோடு கேட்டார். "இல்ல, என் பொண்டாட்டி வரலாமான்னு யோசிக்கறா. அவளுக்கு முதுகு வலி வேற."

மார்னி காருக்குள் உட்கார்ந்து கட்டை அவிழ்த்து எறிந்தாள். அழுகை வந்தது. அழுது முடித்ததும் வீம்பு வந்தது. சரி, விரல்தானே பிரச்சினை? இனி எவர் வந்தாலும், தெரிந்தவரோ தெரியாதவரோ, அவர் பார்ப்பதற்கு முன்னாலேயே முழுக் கையையும் ஆட்டிவிடுவது! யாரும் விட்டுப்போக முடியாது. யாரும் தனியாகத் தெரிய முடியாது.

மறுநாள் காலை தானியக் கிடங்குச் சாலையில் எதிரே வந்த முதல் வண்டியைப் பார்த்துக் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டி, ஆட்டு ஆட்டென்று ஆட்டினாள்.

அவள் பிறந்ததும் அந்தப் பக்கத்துச் சமவெளியில், வேறோர் ஊரில்தான். இருந்தும் அந்த நேரத்தில் மறந்துபோனாள். அங்கே முழுக் கையை ஆட்டினால் வணக்கம் என்று அர்த்தமில்லை. வீடு தீப்பிடித்துவிட்டது, இல்லையென்றால் உங்கள் மாடு ரோட்டில் நிற்கிறது என்று அர்த்தம்.

முதல் வண்டி கிறீச்சிட்டு நின்றது. பின்னால் வந்ததும் நின்றது. அதற்கும் பின்னால் வந்தவரைப் பார்த்து, ஒன்றுமில்லை போங்கள் என்று சொல்வதற்காக மார்னி மறுபடி கையை ஆட்டினாள். அவரும் நின்றார். நார்டாலின் சரித்திரத்தில் முதல் போக்குவரத்து நெரிசல் அன்றுதான் உண்டானது. யாரோ போன் செய்து, தீயணைப்பு வண்டியும் மணியடித்துக்கொண்டு வந்து சேர்ந்தது. ஓட்டி வந்தவர் ஊர் முடிதிருத்துபவர். பாதிச் சவரத்தில் விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். மீதிப் பாதி முகத்தில் நுரையோடு அந்த ஆளும் வண்டியில் கூடவே வந்திருந்தார்.

"எங்கம்மா நெருப்பு?"

"நெருப்பு இல்ல," என்றாள் மார்னி. "வணக்கம் சொன்னேன்."

எல்லோரும் கொஞ்ச நேரம் மரியாதையாகப் பனியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு ஒவ்வொருவராக வண்டியில் ஏறினார்கள். வெர்லின் மட்டும் அவள் கார்க் கண்ணாடி அருகே வந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"ஏம்மா, நல்லாத்தானே இருக்க?"

"மோசமில்ல," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கலாமா? பழையபடி வண்டியெல்லாம் உன் வாசல்லயே நிறுத்திக்கட்டுமா? கஃபே கூரையிலேர்ந்து பனி சரிஞ்சு விழுது."

"நிறுத்திக்கோங்க வெர்லின். எங்க வேணா நிறுத்திக்கோங்க. அதுவா இப்ப முக்கியம்?"

வெர்லின் தன் பிக்கப்பில் ஏறிக் கிளம்பினார். அவளைக் கடக்கும்போது ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரல் பாதி உயரம் எழுந்தது. மார்னிக்கு யோசிக்க நேரமில்லை. அவள் விரலும் எழுந்துவிட்டது. ஆஹா, அவ்வளவுதானே விஷயம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எல்லோருக்கும் தூக்க வேண்டியது, பாதி உயரம், வருபவர் போகிறவர் பேதமில்லாமல். இந்த ஊரில் அது அறிமுகம் காட்டுவதே இல்லை. கண் சிமிட்டுவதைப் போல, தானாக நடப்பது. ஜெனீனிடம் சொன்னாள். ஜெனீனும் யோசித்துப் பார்த்துவிட்டு, "விதிக்குள்ளதான் வருது," என்றாள்.

அடுத்த வாரமே போன் அடித்தது.

"செவ்வாய்க்கிழமை இடம் இருக்கா?" என்றார் டுவேன்.

ஆசிரியை வந்தாள். முறைத்துக்கொள்ளும் தம்பதி முறைத்துக்கொண்டே வந்தார்கள். பெட்ரோல் பங்க் பெரியவரின் மனைவி, அடிக்க மாட்டீர்களே என்று உறுதி வாங்கிக்கொண்டு வந்தாள். பனி கரைந்து, உழவு முடிந்து, கோதுமை முளைத்தது. மார்னியின் வாசலில் பழையபடி பிக்கப்புகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அவள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. விரல் ரகசியம் தெரிந்தவளுக்கு வாசலில் எது நின்றால் என்ன?

ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, வழக்கம்போல ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்த டுவேன், திடீரென்று பேசினார்.

"பியூலான்னு ஒண்ணு இருந்துச்சு."

மார்னி பேனாவைக் கீழே வைத்தாள். அவர் கறவை மாடுகளை எல்லாம் விற்றதிலிருந்து தூக்கம் வரவில்லை என்பது மட்டும்தான் அதுவரை அவளுக்குத் தெரியும்.

"மத்ததெல்லாம் லாரில ஏறிடுச்சு. அது மட்டும் ஏறாம நின்னு என்னையே பார்த்துச்சு. முதுகுல தட்டி, போடி கண்ணுன்னு நான்தான் ஏத்தி விட்டேன். நான் சொன்னா அது கேக்கும்."

அந்தப் பெரிய மனிதர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். வெகுநேரம் அழுதார். போகும்போது வாசலில் நின்று, "மோசமில்ல," என்றார். இந்தத் தடவை அது நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. மார்னிக்கு அன்று தரையில் கால் பாவவில்லை. எந்தப் பட்டமும் தனக்கு இனி இதைவிடப் பெரிய சந்தோஷத்தைத் தந்துவிட முடியாது என்று நினைத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் பிறப்பதற்குள் பாக்கி நேரமும் நிறைந்தது. உரிமத் தகுதி கிடைத்துவிட்டது என்று ஜெனீன் போனில் சொன்னபோது, எதற்கும் பதறாத ஜெனீனே கத்தினாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் கஃபேயில் விருந்து. ஹாட்டிஷ் இரண்டு தட்டு, இந்தத் தடவை துக்கத்துக்கு இல்லை. லவோன் ருபார்ப் என்ற புளிப்புத் தண்டு போட்டுக் கேக் சுட்டிருந்தாள். தன் காபியையும் ஊற்றினாள். மாநிலத்திலேயே மோசமான காபி என்று அவளே ஒப்புக்கொள்ளும் காபி அது. வெந்நீருக்குக் கொஞ்சம் வருத்தம் வந்த நிறத்தில் இருக்கும்.

"அங்க போய் அஞ்சாறு வருஷம் என்னத்தம்மா ஆராய்ச்சி பண்ணுவ?" என்றார் வெர்லின்.

மார்னி இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தாள். "உங்களைத்தான்! நிஜமா. தலைப்புகூடக் குடுத்துட்டேன். பேராசிரியர்களுக்கு ஒரே குஷி. ஒரு சின்ன ஊர்ல ஆலோசகர் மேல நம்பிக்கை வர்றதும் போறதும் ஒரே ஒரு விரல்ல இருக்குன்னு நிரூபிக்கப் போறேன். பிப்ரவரியில நான் விரல் தூக்கறதை நிறுத்தினேன், எல்லாரும் நின்னுட்டாங்க. மறுபடி தூக்கினேன், அடுத்த வாரமே எல்லாரும் வந்துட்டாங்க. இதைவிடச் சுத்தமான ஆதாரம் உலகத்துல கிடைக்குமா?"

ஒருவர் தன் கோப்பைக்குள் பார்த்தார். ஒருவர் கேக்கின் ஓரத்தை முள்கரண்டியால் சீவிக்கொண்டிருந்தார். வெர்லினின் காதுகள் மெல்ல மெல்லச் சிவந்தன.

"நல்ல தலைப்பும்மா," என்றார் அவர் கடைசியில்.

"என்ன வெர்லின்? ஏன் எல்லாரும் இப்படி உக்காந்திருக்கீங்க?"

லவோன் காபிக் குடுவையை மேஜை மேல் டொக்கென்று வைத்தாள். ஜன்னல் வழியே எதிர்சாரியைக் காட்டினாள். அங்கே மார்னியின் வாசலில் பிக்கப்புகள் இடைவெளியில்லாமல் வரிசையாக நின்றன.

"விரலும் இல்ல, ஒண்ணும் இல்ல கண்ணு. உன்னைப் பார்க்க வர்ற யாரோட வண்டியும் அங்க தனியா நின்னு ஊர் கண்ணுல பட்டுடக் கூடாதேன்னுதான், இந்தக் கிழவனுங்க ரெண்டு வருஷமா வண்டியெல்லாம் உன் வாசல்ல போட்டுட்டு, ரோட்டைத் தாண்டி வந்து என் தண்ணிக் காபியைக் குடிக்கறானுங்க."